புகழ் பெற்ற கப்பலும் புகழ் பெறாத வேலையும்



உங்கள் கையில் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு போர்க்கப்பலை வரையச் சொன்னால் எதை வரைவீர்கள்? முதலில் நீண்ட பீரங்கிகளை வரைவீர்கள். பிறகு கொடிமரம், புகைபோக்கி. கப்பலின் பின்தளத்தில் ஒரு பெரிய கம்பி உருளையையும் சில மிதவைகளையும் வரைபவர் வகுப்புக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார். உங்களைக் குறை சொல்வதற்கில்லை. கதைகளும் திரைப்படங்களும் நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கின்றன.

அந்தக் கம்பி உருளையைச் சுமந்து செல்லும் கப்பலுக்காகத்தான் இங்கே வாதாட வந்திருக்கிறேன். கடலில் மறைத்து வைக்கப்பட்ட வெடிக் கண்ணிகளை வாரி அகற்றுவது அதன் தொழில். ஆகவே அதைக் கண்ணிவாரிக் கப்பல் என்று அழைப்போம். போர்க் காலத்தில் கடற்படை செய்யும் பணிகள் அனைத்திலும் இதன் பணியே உயர்ந்தது என்பது என் கருத்து. வெறும் உணர்ச்சியால் இதைச் சொல்லவில்லை. இயற்பியலின் துணையோடு சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

பெங்கால் பெற்ற புகழ்

வழக்கில் முதலில் எதிர்த் தரப்பின் சிறந்த சாட்சியையே அழைப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் வகை என்ற ஒரே வகையைச் சேர்ந்த 60 சிறிய கண்ணிவாரிக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் நான்கு அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்கு வந்து சேர்ந்தன. பெங்கால், பம்பாய், பஞ்சாப், மதராஸ் என்பவை அவற்றின் பெயர்கள். ஆம், நம் மதராஸின் பெயரைத் தாங்கியும் ஒரு கண்ணிவாரி இருந்தது! ஒவ்வொரு கப்பலும் ஏறத்தாழ 57 மீட்டர் நீளம். வேகம் மணிக்குச் சுமார் 15 கடல் மைல். அதாவது 28 கிலோமீட்டர்தான்.

1942 நவம்பர் 11. சிட்னியில் கட்டி முடிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆன பெங்கால், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலில் சென்று கொண்டிருந்தது. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஹோகோகு மாரு, அய்கோகு மாரு என்ற அவ்விரண்டும் 10,000 டன்னுக்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றிலும் 140 மில்லிமீட்டர் பீரங்கிகள் பல இருந்தன. பெங்காலில் இருந்த முக்கிய ஆயுதமோ 76 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றுதான்!

பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்சன், எண்ணெய்க் கப்பலைத் தப்பிச் செல்லச் சொல்லிவிட்டுத் தம் சிறு கப்பலைப் பகைக் கப்பல்களை நோக்கியே திருப்பினார். கப்பலில் இருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். பெங்காலும் சுட்டது; ஒண்டினாவும் தன்னிடமிருந்த பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாருவில் குண்டு பாய்ந்து தீப்பற்றிப் பெரும் வெடிப்பு ஏற்பட்டு, அக்கப்பல் மூழ்கியது. குண்டுகள் தீரும் நிலையில் பெங்கால் புகைத்திரையிட்டு விலகி, டீகோ கார்சியா தீவை அடைந்தது. ஒண்டினா கடுமையாகத் தாக்கப்பட்டது. அதன் தலைவர் உயிரிழந்தார். ஆயினும் எஞ்சிய மாலுமிகள் கப்பலைக் காப்பாற்றி ஆஸ்திரேலியாவுக்கே கொண்டு சேர்த்தனர்.

இந்திய மாலுமிகளின் துணிவை எண்ணிப் பெருமைப்பட இது தக்க நிகழ்ச்சி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சண்டையில் பெங்கால் தன் தொழிலைச் செய்யவே இல்லை! தீயணைப்பு வீரர் ஒருவர் வழியில் ஒரு திருடனைப் பிடித்தார். அதனால் ஊரெல்லாம் புகழ் பெற்றார். அவர் பல ஆண்டுகள் அணைத்த தீயைப் பற்றி யாரும் பேசவில்லை. பெங்காலின் புகழும் அத்தகையதே. அப்படியானால் அது எந்தத் தொழிலுக்காகக் கட்டப்பட்டது? அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சங்கிலியில் கட்டிய வெடி

கடற்கண்ணிகளில் பழையது தொடு கண்ணி. வெடிமருந்து அடைத்த உலோக உருண்டை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே காற்றிடம் விட்டிருப்பதால் அதன் சராசரி அடர்த்தி கடல் நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. ஆகவே ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அது மேலே மிதந்து வர முயலும். ஆனால் கடலடியில் கிடக்கும் ஒரு கனத்த எடையோடு சங்கிலியோ கம்பியோ கொண்டு அதைக் கட்டியிருப்பார்கள். எனவே நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்.

உருண்டையின் மேல் கொம்புகள் போன்ற முனைகள் உண்டு. மென்மையான ஈயத்தால் ஆன கொம்புக்குள் ஒரு கண்ணாடிக் குழாயில் அமிலம் இருக்கும். கப்பல் மோதியதும் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் கீழே உள்ள மின்தகடுகளின் மேல் கொட்டும். அந்தக் கணமே ஒரு மின்கலம் பிறக்கிறது! அதன் மின்னோட்டம் வெடியைப் பற்றவைக்கிறது. அமிலம் கொட்டும்வரை அங்கே மின்கலமே இல்லை. ஆகவே அதன் ஆற்றல் வீணாகித் தீர்ந்துபோவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஆற்றல் அதற்கு இப்படித்தான் வருகிறது.

இதை வாருவது எப்படி? கண்ணிவாரி ஒரு நீண்ட எஃகுக் கம்பியைப் பின்னால் இழுத்துச் செல்லும். கம்பி கப்பலின் பின்னால் நேராகப் போய்விட்டால் பயனில்லை. பக்கவாட்டில் விரிந்து செல்ல வேண்டும். அதற்காகக் கம்பியின் நுனியில் சாய்வான பலகைகள் கொண்ட ஓர் அமைப்பைப் பொருத்துவார்கள். காற்று சாய்வாக மோதுவதால் பட்டம் மேலே எழுகிறது அல்லவா? அதேபோல நீர் சாய்வாக மோதுவதால் இந்தப் பலகை பக்கவாட்டில் விலகிச் செல்லும். கடலுக்குள் படுக்கைவாட்டில் விடப்பட்ட பட்டம் என்றே இதைச் சொல்லலாம். கம்பியில் உள்ள வெட்டிகள் கண்ணியின் கட்டை அறுத்ததும் கண்ணி மேலே மிதந்து வரும். பின்பு அதைத் துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் கம்பி இருப்பது கப்பலுக்குப் பின்னால். முன்னால் இருப்பது வாரப்படாத கடல்! பல கப்பல்கள் படிவரிசையாகச் செல்லும்போது, பின்வரும் ஒவ்வொன்றும் முன்கப்பல் வாரிய பகுதிக்குள்ளேயே வருமாறு பார்த்துக்கொள்ளும். ஆனால் முதற்கப்பலுக்கு அந்தக் காவல் இல்லை. யாரோ ஒருவர் முதலில் போய்த்தான் ஆக வேண்டும்.

கடலடியில் ஒரு காந்த ஊசி

1939 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் கரையோரங்களில் கப்பல்கள் விளங்காத முறையில் வெடித்து மூழ்கத் தொடங்கின. கம்பியால் வாரிய பாதையிலும் வெடித்தன. காரணம், இவை சங்கிலியில் மிதக்கும் கண்ணிகள் அல்ல. ஆழம் குறைந்த கடலின் அடித்தரையிலேயே கிடப்பவை. அறுப்பதற்குக் கட்டே கிடையாது. கப்பல் அவற்றைத் தொடவும் வேண்டியதில்லை.

நவம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானம் ஒன்று போட்ட கண்ணி, தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஷூபரிநெஸ் என்ற இடத்தில் சேற்றில் விழுந்தது. நீர் வற்றியபோது அது வெளியே தெரிந்தது. மறுநாள் ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய துணைவர்களும் அதைப் பிரித்தார்கள். காந்தத்தால் பாதிக்கப்படாத பித்தளைக் கருவிகளை அதற்கெனவே செய்துகொண்டு சென்றார்கள். ஊவ்ரியும் ஒரு துணைவரும் கண்ணியின் அருகே வேலை செய்ய, மற்ற இருவர் தொலைவில் நின்று ஒவ்வொரு படியையும் கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? ஒரு படியில் கண்ணி வெடித்துவிட்டால், எந்தப் படியில் வெடித்தது என்பது அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டுமே! ஆய்வகக் குறிப்பேட்டில் உடனுக்குடன் எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பொருளை இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

உள்ளே இருந்த இரகசியம் யாது? நீங்கள் பாடத்தில் படிக்கும் சரிவுக் காந்த ஊசிதான்! கப்பல் இரும்பால் ஆனது. கட்டும்போது புவியின் காந்தப் புலத்தில் மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்று, ஆயிரக்கணக்கான சுத்தியடிகளை வாங்குகிறது. அதனால் கப்பலே ஒரு காந்தமாகிவிடுகிறது. அது கண்ணிக்கு மேலே வரும்போது அங்குள்ள காந்தப் புலம் சிறிது மாறும், ஊசி அசையும், மின்சுற்று மூடும், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு சுவையான செய்தி. வட அரைக்கோளத்தில் புவிக்காந்தப் புலம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே அங்கே கட்டிய கப்பலின் அடிப்பகுதியில் வடமுனை உண்டாகும். தென் அரைக்கோளத்தில் புலம் மேல்நோக்கியது. எனவே சிட்னியில் கட்டிய கப்பலின் அடிப்பகுதியில் தென்முனை உண்டாகும்! பெங்கால் அங்கிருந்து நம் கரைக்கு வரும்போது காந்த நடுக்கோட்டை நெருங்குகிறது. அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவை அதற்கென்று தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். அந்தக் கோட்டின் மீது செங்குத்துப் புலம் சுழியாகிவிடும். ஆக, ஒரே கப்பல் ஊருக்கு ஊர் வேறு வேறு காந்தமாக நடந்துகொள்ளும். இதைக் கணக்கிடத் தெரியாதவர் கண்ணியிடமிருந்து கப்பலைக் காப்பாற்ற முடியாது.

எனவே விஞ்ஞானிகள் அழைக்கப்பட்டார்கள். கனடாவில் பிறந்த வேதியியலறிஞர் சார்லஸ் குடீவ், புவிக்காந்தத்தை ஆராய்ந்த எட்வர்டு புல்லார்டு ஆகியோர் இப்பணியில் முன்னின்றார்கள். கப்பலைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்து மின்னோட்டம் பாய்ச்சி, கப்பலின் காந்தப் புலத்துக்கு எதிரான புலத்தை உண்டாக்கிச் சமன் செய்தார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் காஸ் என்ற காந்த அலகிலிருந்து வந்தது. காஸ் யார்? ஜெர்மானியக் கணித மேதை! ஜெர்மன் கண்ணியிலிருந்து பிரிட்டிஷ் கப்பலைக் காத்த முறை ஒரு ஜெர்மானியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவுக்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

கண்ணியை வாருவதற்கும் ஒரு வழி கண்டார்கள். இரண்டு கண்ணிவாரிகள் இணையாகச் செல்லும். ஒவ்வொன்றும் நீரில் மிதக்கும் இரண்டு மின்கம்பி வடங்களை இழுத்துச் செல்லும். ஒன்று நீளமானது, மற்றது குட்டையானது. வடங்களின் நுனிகள் காப்புறை இன்றிக் கடல் நீரில் இருக்கும். ஒரு நுனியிலிருந்து மற்றொரு நுனிக்கு மின்னோட்டம் கடல் நீர் வழியாகவே பாய்ந்து சுற்றை முடிக்கும். உப்பு நீரில் உள்ள அயனிகளே அதற்குக் கடத்திகள். ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் சில விநாடிகள் பாய்ச்சுவார்கள், நிறுத்துவார்கள், மீண்டும் பாய்ச்சுவார்கள். கப்பல்களுக்குப் பின்னால் கடலின் ஒரு பெரும் பரப்பில் காந்தப் புலம் எழுந்து அடங்கும். அடியில் கிடக்கும் ஊசி, தன் மேல் ஒரு பெரிய கப்பல் வந்துவிட்டதாக ஏமாந்து வெடிக்கும். இந்த ஏமாற்று வேலையால் எத்தனையோ மாலுமிகள் வீடு திரும்பினார்கள்.

இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

இத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1940இல் கப்பலின் ஒலியால் வெடிக்கும் கண்ணிகள் வந்தன. 1944இல், மேலே கப்பல் ஓடும்போது கடலடியில் நீரழுத்தம் குறைவதை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளும் வந்தன. பெர்னூலியின் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவற்றை வாருவது மிகக் கடினம். கப்பல்களை மெதுவாக ஓட்டுவதே பாதுகாப்பாக இருந்தது.

எல்லாவற்றிலும் கொடியது எண்ணும் கண்ணி. ஏழு கப்பல்கள் மேலே சென்றாலும் வாளா இருந்து, எட்டாவது கப்பலுக்கு வெடிக்குமாறு அதை அமைக்கலாம். இப்போது கண்ணிவாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு முறை வாரினார்கள், வெடிக்கவில்லை. இரண்டாம் முறை; வெடிக்கவில்லை. ஐந்தாம் முறையும் வெடிக்கவில்லை. கண்ணி இல்லை என்று பொருளா? அல்லது இருந்துகொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறதா?

அறிவியலில் மிகக் கடினமான கேள்வி இதுவே. ஒன்று உண்டு என்பதை நிரூபிக்க ஒரே ஒரு சான்று போதும். இல்லை என்பதை நிரூபிக்கப் பொறுமை வேண்டும், முறை வேண்டும், பொய்யான நம்பிக்கைக்கு இடம் கொடாத மனம் வேண்டும். பீரங்கி வீரரின் வெற்றி கண்ணுக்குத் தெரியும்: பகைக் கப்பல் மூழ்கும். கண்ணிவாரியின் வெற்றியோ அதன் பின்னால் வரும் சரக்குக் கப்பலுக்கு ஒன்றும் நேராமல் இருப்பதுதான். நேராத ஒன்றை யாரும் படம் பிடிப்பதில்லை; செய்தித்தாளும் வெளியிடுவதில்லை. ஆனால் அதன் அளவு உண்மையானது. துறைமுகம் சேர்ந்த கப்பல்களையும், அவற்றில் வந்த உணவையும் உயிர்களையும் எண்ணினால் அது தெரிந்துவிடும்.

போர் முடிந்தது; வேலை முடியவில்லை

இப்போது என் தரப்புச் சாட்சியை அழைக்கிறேன். பெங்காலின் உடன்பிறந்த கப்பல் என்று அதைச் சொல்லலாம். அதே பாதர்ஸ்ட் வகை, ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது, பெயர் வார்னம்பூல்.

போரின்போது ஆஸ்திரேலியா தன் தற்காப்புக்காக வடகிழக்குக் கரையை ஒட்டிய பெரும் பவளப் பாறைத் தொடரின் நீர்வழிகளில் கண்ணிகளைப் போட்டு வைத்திருந்தது. 1945இல் போர் முடிந்ததும் அவற்றை அகற்றும் வேலை தொடங்கியது. 1947 செப்டம்பர் 13 அன்று அப்பணியில் ஈடுபட்டிருந்த வார்னம்பூல், கண்ணி ஒன்றில் மோதி மூழ்கியது. நான்கு மாலுமிகள் உயிரிழந்தார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரி எங்கும் இல்லை. அவர்களைக் கொன்றது அவர்களுடைய நாடே போட்ட கண்ணி!

பெங்காலின் சண்டையை நூல்களில் படிக்கலாம். வார்னம்பூல் பற்றிக் கேள்விப்பட்டவர் நம்மிடையே எத்தனை பேர்?

இது தனி நிகழ்ச்சியன்று. 1918இல் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே அமெரிக்காவும் பிரிட்டனும் சில மாதங்களில் ஏறத்தாழ 70,000 கண்ணிகளைப் போட்டன. 1919இல், சமாதானக் காலத்தில், அவற்றை வாரச் சென்றவர்களில் சிலர் திரும்பவில்லை. 1946 அக்டோபர் 22 அன்று அல்பேனியாவை ஒட்டிய கார்ஃபு நீர்வழியில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிகளில் மோதின. 44 பேர் இறந்தார்கள். அந்த வழக்கே அனைத்துலக நீதிமன்றத்தின் முதல் வழக்காயிற்று. தன் கடற்பகுதியில் உள்ள ஆபத்தை அறிந்த நாடு பிறரை எச்சரிக்கக் கடமைப்பட்டது என்று 1949இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. 1971 போரில் கண்ணிகள் போடப்பட்ட சிட்டகாங் துறைமுகத்தைச் சீராக்க, 1972இல் வந்த சோவியத் கடற்படையினர் 1974வரை உழைத்தார்கள். புதிதாகப் பிறந்த வங்கதேசத்துக்கு உணவு வர வேண்டிய வாயில் அது.

போட்டவரே போருக்குப் பின் கண்ணியை அகற்ற முயல வேண்டும் என்று 1907இலேயே ஹேக் நகரில் நாடுகள் உடன்பாடு செய்துகொண்டன. சட்டம் இருக்கிறது. ஆனால் போடுவது ஓர் இரவு வேலை. அகற்றுவது ஆண்டுக்கணக்கான வேலை. 1950 அக்டோபரில் கொரியாவின் வொன்சான் துறைமுகத்துக்கு வெளியே, படகுகளிலும் தோணிகளிலும் கொண்டுபோய்ப் போட்ட கண்ணிகள், அமெரிக்கப் பெருங்கடற்படையையே நாட்கணக்கில் நிறுத்தி வைத்தன. இரண்டு கண்ணிவாரிகள் ஒரே நாளில் மூழ்கின. பொருள்களைச் சிதறடிப்பது எளிது. சிதறியதை மீண்டும் ஒழுங்குபடுத்துவது அரிது. வெப்பவியல் பாடத்தில் வரும் இந்த உண்மையைக் கடலும் கற்பிக்கிறது.

ஒரு மறுப்பு

உங்களில் கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, கண்ணிவாரியும் போர்க்கருவிதானே? அது பாதையைத் துடைப்பது பின்னால் வரும் பீரங்கிக் கப்பல் போய்ச் சுடுவதற்குத்தானே?"

நியாயமான கேள்வி. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் நேச நாடுகளின் படை இறங்குமுன், கண்ணிவாரிகள்தாம் இரவோடு இரவாக முன்சென்று பத்துப் பாதைகளைத் திறந்தன. முதல் நாளே, ஜூன் 5 அன்று, ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கக் கண்ணிவாரி கண்ணியில் சிக்கி ஆறு பேரைப் பலி கொடுத்தது. பின்னால் சென்றது ஒரு பெரும் தாக்குதல் படை. இதை மறைத்துக் கண்ணிவாரியைச் சமாதானத் தூதுவன் என்று நான் சொன்னால் அது உண்மையாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் காணுங்கள். போர் முடிந்த மறுநாள் பீரங்கிக்கு வேலை இல்லை, உறையிட்டு மூடிவிடலாம். கண்ணிவாரிக்கு அன்றுதான் வேலை பெருகுகிறது. அன்று அது தன் நாட்டுக் கப்பலுக்கும் பிறநாட்டுக் கப்பலுக்கும், நேற்றைய எதிரியின் மீன்பிடி படகுக்கும் சேர்த்தே பாதை துடைக்கிறது. துடைத்த நீர் யாருடைய கொடி என்று கேட்பதில்லை. போர் வேண்டாத காலத்திலும் எல்லோருக்கும் வேண்டியதாக இருக்கும் பணி எதுவோ, அதையே உயர்ந்தது என்கிறேன். என் வாதத்தின் அடித்தளம் இதுதான்.

நம் ஆய்வகத்திலிருந்து தொடங்குவோம்

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

இயற்பியல் செய்முறைத் தேர்வில் மின்சுற்றைச் சரியாக இணைத்தால் மதிப்பெண் உண்டு, அளவீடுகளுக்கு உண்டு, கணக்கீட்டுக்கு உண்டு. சுற்றைப் பிரித்து, கம்பிகளைச் சுருட்டி, மின்கலத்தைத் தனியே எடுத்து வைப்பதற்கு? ஒன்றும் இல்லை! அதை உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று மாணவர் போய்விடுகிறார். இதைச் சிறு செய்தி என்று எண்ணாதீர்கள். போடுவது அறிவாளியின் வேலை, எடுப்பது வேறு யாருடைய வேலையோ என்ற எண்ணம் அங்கேதான் முளைவிடுகிறது. அதே எண்ணம் பெரிதாகும்போது, ஆழ்துளைக் கிணற்றை ஒரே நாளில் தோண்டுகிறோம். நீர் வராவிட்டால் மூடாமல் விட்டுப் போகிறோம். அதில் குழந்தைகள் விழுந்து இறந்ததை நம் மாநிலம் கண்டிருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று ஆசிரியப் பெருமக்களுக்கு: செய்முறையின் முடிவில் கருவிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கும் மதிப்பெண் அளியுங்கள். மற்றொன்று உங்களுக்கு: அறிவியல் பொருட்காட்சிக்கு நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாதிரியின் அருகிலும், அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: "இது வேண்டாதபோது இதை எப்படி அகற்றுவது?" அந்த வரிக்கு விடை தெரியாத கண்டுபிடிப்பு பாதிக் கண்டுபிடிப்பே. கண்ணியைச் செய்தவர்கள் பாதி அறிவியலோடு நின்றுவிட்டார்கள். மறு பாதியைத் தம் உயிரைக் கொடுத்து முடித்தவர்கள் கண்ணிவாரி மாலுமிகள்.

இறுதியாக, நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு முழ நீளமுள்ள இரும்புச் சலாகையையும் ஒரு காந்த ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கிறது. சலாகையை வடக்குத் தெற்காகத் தரையில் வைத்து, சுத்தியால் முப்பது நாற்பது முறை தட்டுங்கள். அருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பிறகு சலாகையின் வடக்கு நுனியைக் காந்த ஊசியின் வட முனைக்கு அருகே கொண்டு செல்லுங்கள். ஊசி விலகும். கப்பல் கட்டும் துறையில் நடப்பது இதுவே. இனி அதே சலாகையைக் கிழக்கு மேற்காக வைத்து மீண்டும் தட்டுங்கள். காந்தத் தன்மை குறைவதைக் காண்பீர்கள்.

முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். காந்தமாக்க எத்தனை அடி தேவைப்பட்டது, அதை நீக்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.